மனையா, வாடகை வீடா: வேலையில் இருப்பவருக்கு இராமநாதபுரம் கரையில் எது தோது?

இராமநாதபுரம் மாவட்டத்தில் மாதச் சம்பளத்தில் இருப்பவர் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்துவிட்டால், அவர் முன் நிற்பவை பெரும்பாலும் இரண்டு வழிகள்தான். ஒன்று, உச்சிப்புளி, மண்டபம் பக்கம் இராமேசுவரம் சாலையை ஒட்டிப் பிரித்துப் போட்டிருக்கும் காலி மனை. மற்றொன்று, இராமநாதபுரம் நகருக்குள் வாடகைக்கு விடக்கூடிய சிறிய வீடு. அரசுப் பள்ளி ஆசிரியனான நான் இரண்டையும் தீர விசாரித்து, நகரத்து வீட்டையே வாங்கினேன். திருச்சியில் வேலை பார்க்கும் என் மைத்துனர் ஏறத்தாழ அதே காலத்தில் உச்சிப்புளிக்கு அருகே மனை வாங்கினார். வேலையை விடாமல் சொத்துச் சேர்க்க நினைப்பவருக்கு வீடே தோது என்பது என் துணிபு.

இரண்டுக்கும் பொதுவானவற்றை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை வழக்கறிஞரிடம் காட்டாமல் எதையும் வாங்கக் கூடாது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் இரண்டுக்கும் ஒன்றே. மனையானால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். கடல் தெரியும் மனை என்று காட்டினால் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: கடலோர ஒழுங்காற்று மண்டல விதிகள் உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து) 500 மீட்டர் வரை பொருந்தும், மக்கள் அடர்த்தி குறைந்த ஊரகப் பகுதிகளில் அதன் முதல் 200 மீட்டருக்குள் புதிய வீடு கட்ட அனுமதி கிடைப்பது அரிது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. மனைக்குப் பராமரிப்பே கிடையாது, வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடலாம் என்பது தரகர்கள் முதலில் சொல்லும் வாசகம். இந்த மாவட்டத்து மண்ணைப் பொறுத்தவரை அது சரியன்று. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஆள் புழங்காத நிலத்தில் சீமைக் கருவேலம் கிளம்பிவிடுகிறது. அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்க வேண்டும். விட்டுவிட்டால் எல்லைக் கற்கள் புதருக்குள் மறைந்துவிடும். முள்கம்பி வேலி போட்டாலும் உப்புக் காற்றில் துருவேறி அறுந்துபோகிறது. கல் மறைந்த பிறகு பக்கத்து மனைக்காரர் வீடு கட்டத் தொடங்கினால், எல்லை எது என்ற கேள்வி எழும். அதைத் தீர்க்கச் சர்வேயரிடம் மனுக் கொடுத்து, அவர் அளக்க வரும் நாளில் உரிமையாளர் நேரில் நிற்க வேண்டும். அந்த நாள் எப்போதும் வேலை நாளாகவே அமையும். என் மைத்துனர் இதற்காகவே திருச்சியிலிருந்து விடுப்பு எடுத்து வர வேண்டியிருந்தது.

வீட்டுக்கும் பராமரிப்பு உண்டு. சொல்லப்போனால் செலவுக் கணக்கில் அது மனையைவிட அதிகம். ஆனால் வீடு கேட்பது பணம், மனை கேட்பது நம் நேரம். சம்பளக்காரரிடம் மாதந்தோறும் முதலாவது வருகிறது. இரண்டாவது அவரிடம் இல்லை. மோட்டார் பழுதானாலும் மாடியில் ஒழுகினாலும் குடியிருப்பவர் தொலைபேசியில் சொல்கிறார், நான் கொத்தனாரையோ பிளம்பரையோ அனுப்பிவிட்டு வகுப்புக்குப் போய்விடுகிறேன். ஆள் குடியிருக்கும் வீட்டில் எல்லையை யாரும் நகர்த்துவதில்லை.

இங்கே வீட்டின் பெரிய எதிரி உப்பு. காற்றின் உப்பைவிடக் கலவையில் சேர்ந்த உப்பு மோசமானது. இப்பகுதியில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கரிக்கும். அந்த நீரிலேயே கான்கிரீட் போட்டிருந்தால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து உப்பி, சில ஆண்டுகளில் கூரையின் அடிப்பூச்சு பாளம் பாளமாக உதிரும். ஆகவே கட்டிய வீட்டை வாங்குகிறவர், எந்தத் தண்ணீரில் கட்டினார்கள் என்பதைக் கட்டிய மேஸ்திரியிடமே கேட்க வேண்டும். கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனத்தைக் கட்டடக்காரர்கள் கவர் என்பார்கள். மிதமான சூழலுக்கு 30 மில்லிமீட்டர் கவர் கேட்கும் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கேட்கிறது. பார்த்த வீடுகளில் படிக்கட்டின் அடிப்பகுதியையும் சன்ஷேடு ஓரங்களையும் தெரிந்த பொறியாளர் ஒருவரைக் கொண்டு தட்டிப் பார்க்கச் செய்தேன். பொள்ளென்று ஒலித்த ஒரு வீட்டை, விலை குறைவாக இருந்தும் விட்டுவிட்டேன். ஆண்டுக்கு இரண்டு மாத வாடகையைப் பழுதுக்கென்று ஒதுக்கி வைப்பது எனக்குப் போதுமானதாக இருந்து வருகிறது.

வாடகைக்கு ஆள் கிடைப்பதில் நகரத்துக்குக் கூடுதல் வசதி உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகம், 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவற்றால் மாற்றலில் வருவோர் எப்போதும் இருக்கிறார்கள். வாடகை வருமானத்தில் 30 விழுக்காடு கழிவு போகத்தான் வருமான வரி. கடன் வட்டியையும் கழித்துக்கொள்ளலாம். காலி மனைக்கு வாங்கிய கடனின் வட்டிக்கு, வீடு கட்டும் வரை இந்தச் சலுகை இல்லை. அரசு ஊழியர்கள் 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி எந்தச் சொத்தானாலும் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மனைகளை அடுத்தடுத்து வாங்கி விற்றால் அது வணிகமா என்ற விளக்கமும் கேட்கப்படலாம்.

இராமேசுவரத்தில் அறைகள் கட்டி யாத்திரிகர்களுக்கு விடுவதை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் வருமானம் நல்லதுதான். ஆனால் அது முழுநேரத் தொழில்.

மறுவிற்பனை பற்றி நான் அழுத்திச் சொல்ல முடியாது. இதுவரை எதையும் விற்றதில்லை. கட்டடத்துக்கு வயது ஏற ஏற மதிப்புக் குறையும், மனைக்கு அந்தக் குறை இல்லை என்று மைத்துனர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு அந்தச் சாலையில் விலை ஏறும் என்ற பேச்சும் பலமாக இருக்கிறது. ஓய்வுக்குப் பின் அங்கேயே வீடு கட்டிக் குடியேறும் எண்ணம் உள்ளவருக்கு மனை பொருந்தும். அப்படி வாங்குகிறவர், மாதம் ஒருமுறையாவது நிலத்தைச் சுற்றிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அந்த ஊரிலேயே குடியிருக்கும் உறவினர் ஒருவர் ஏற்றுக்கொண்ட பிறகு முன்பணம் கொடுப்பது நல்லது.