க்யூடியா, ஜிடிகேயா?

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் செயலி எழுத உட்காருகிறவர்கள் பலர் க்யூடி (Qt), ஜிடிகே (GTK) இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள். செயலியின் சாளரம், பொத்தான், பட்டியல் எல்லாம் அமைக்க உதவும் நிரல் தொகுப்புகள் இவை.

மொழி: க்யூடி சி++. ஜிடிகே சி. பைத்தானில் எழுத இரண்டிலும் வழி உண்டு.

உரிமம்: இங்கேதான் நிதானம் வேண்டும். ஜிடிகே எல்ஜிபிஎல் (LGPL: சில நிபந்தனைகளோடு, மூலநிரலை மூடிவைத்த செயலியிலும் பயன்படுத்த விடும் திறந்த உரிமம்), கட்டணப் பதிப்பே கிடையாது. க்யூடியின் பெரும்பகுதியும் எல்ஜிபிஎல்தான். ஆனால் க்யூடி சார்ட்ஸ் போன்ற சில தொகுதிகள் ஜிபிஎல் (GPL: செயலியை வெளியிட்டால் அதன் மூலநிரலையும் தரச் சொல்லும் உரிமம்), இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கும் வணிக உரிமம். பைத்தானுக்கு வந்தால், க்யூடியைப் பயன்படுத்த பைசைடு (PySide), பைக்யூடி (PyQt) என இரண்டு இணைப்புகள் உண்டு. பைசைடு எல்ஜிபிஎல். பைக்யூடியோ ஜிபிஎல் அல்லது வணிக உரிமம். மூலநிரலை மூடிவைத்து விற்கப் போகிறவர் முதல் வரி எழுதும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். பாதி வேலை முடிந்தபின் மாற்றுவது பெரும் வேதனை.

தோற்றம்: க்யூடியின் விட்ஜெட்டுகள் (பொத்தான், பெட்டி போன்ற திரை உறுப்புகள்) அந்தந்த இயங்குதளத்தின் சாயலை எடுத்துக்கொள்ளும். ஜிடிகே 4 விண்டோஸிலும் லினக்ஸின் க்னோம் மேசைச்சூழல் முகத்தோடுதான் நிற்கும்.

விண்டோஸில் நிறுவ: க்யூடிக்குத் தனி நிறுவி உண்டு. ஜிடிகேவுக்குப் பெரும்பாலும் எம்சிஸ்2 (MSYS2) என்ற, விண்டோஸில் நிரல் தொகுப்புகளை நிறுவித்தரும் கருவி வழியாகப் போக வேண்டும்.

கைபேசி: க்யூடி ஆண்ட்ராய்டிலும் ஐஓஎஸ்ஸிலும் ஓடும். ஜிடிகேவை இதற்கு நம்ப வேண்டாம்.

தமிழ் எழுத்து: இரண்டுமே ஹார்ஃப்பஸ் (HarfBuzz) என்ற எழுத்து வடிவமைப்பு நிரல் கொண்டு எழுத்தைக் கோப்பதால் ‘கொ’, ‘கௌ’ உடையாது. எனக்கு இது முக்கியம்.

க்னோம் மேசைக்கு மட்டும் எழுதுகிறீர்களா, ஜிடிகே. விண்டோஸ் பயனர்களும் உண்டென்றால் நான் க்யூடியைத்தான் எடுப்பேன், பைத்தானில் என்றால் பைசைடோடு.