மங்கலான திரையில் மூன்று படங்கள்: ஓர் எச்சரிக்கை

கடந்த சில வாரங்களில் ஒரே திரையரங்கின் ஒரே திரையில் மூன்று படங்களைப் பார்த்தேன். மூன்றைப் பற்றியும் தெரிந்தவர்களிடமெல்லாம் கருத்தும் சொன்னேன். அவற்றுள் இரண்டு கருத்துகளை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தப் படங்களை நான் உண்மையில் பார்க்கவே இல்லை என்பதும், நுழைவுச்சீட்டுக்கு முழுத்தொகை வாங்கிக்கொண்டு எனக்குக் காட்டப்பட்டது அவற்றின் நிழல் மட்டுமே என்பதும் பின்னர்தான் தெரியவந்தன.

முதல் படம் ஒரு கொலையைச் சுற்றிய குடும்பக் கதை. பெரும்பகுதி இரவில், ஒரு பழைய வீட்டுக்குள் நடக்கிறது. யார் கதவைத் திறந்தார்கள், யார் மாடியில் நின்றார்கள் என்பதே எனக்குப் பிடிபடவில்லை. “ஒளிப்பதிவு சரியில்லை, இயக்குநர் வேண்டுமென்றே குழப்பியிருக்கிறார்” என்று வீட்டிற்கு வந்ததும் தங்கையிடம் சொன்னேன். அவள் வேறொரு திரையரங்கில் அதே படத்தைப் பார்த்துவிட்டு வந்து, “அண்ணா, அந்த அம்மா மகனுடைய சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் நிற்கும் காட்சியில் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை” என்றாள். எந்தச் சட்டை என்று கேட்டேன். படத்தில் ஒரு சட்டை இருந்ததே எனக்குத் தெரியாது.

மறுநாள் அவள் சென்ற திரையரங்கிற்கே சென்று மீண்டும் பார்த்தேன். படிக்கட்டு தெரிந்தது. அந்தத் தாய் சட்டையின் ஒரு கையை மட்டும் பிழிந்துகொண்டே நிற்பதும், அதிலிருந்து சொட்டும் நீர் கடைசிப் படியில் கறையாகப் படர்வதும் தெரிந்தன. மகன் எங்கே போயிருந்தான் என்பதை ஒரு சொல்லும் பேசாமல் அந்த ஈரம்தான் சொல்கிறது; கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது. முதல் முறை அந்த இடத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கருமையும், அதற்குள் சற்றே வெளுத்த ஒரு முகமும்தான். நிதானமும் துணிவும் உள்ள ஒரு நல்ல படத்தை மோசமான படம் என்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அந்த அரங்கின் மீது எனக்கு முன்பே ஐயம் எழாததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே நான் பார்த்த மூன்றாவது படம், பகல் வெளிச்சத்திலேயே நடக்கும் ஒரு நகைச்சுவைப் படம். அது நன்றாகவே தெரிந்தது. வயிறு குலுங்கச் சிரித்தேன், அந்தக் கருத்தில் மாற்றமில்லை. வெளிச்சமான காட்சிகளில் ஒளி குறைந்தாலும் கண் அதற்குப் பழகிவிடுகிறது. இருட்டுக் காட்சிகளில்தான் குறை வெளிப்படும், அப்போது பழி படத்தின் மீது விழும்.

ஹாலிவுட் ஸ்டூடியோக்களின் கூட்டு முயற்சியான டிசிஐ 2005-இல் வெளியிட்ட வரையறையின்படி, சாதாரணப் படம் ஓடும்போது திரையின் நடுவில் வெண்மையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (ஒளியை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். படத்தின் நிறங்களையும் இருளையும் இறுதி செய்பவர்கள் இந்த அளவை நம்பித்தான் வேலை செய்கிறார்கள். புரொஜெக்டரின் விளக்கு பழசாகும்போது ஒளி குறைகிறது. அதன் ஆயுளை நீட்டிக்க வேண்டுமென்றே குறைத்து எரிப்பதும் உண்டு. நான் சென்ற அரங்கில் நடந்தது இன்னொன்று. 3டி படங்களுக்காகப் புரொஜெக்டரில் மாட்டும் வில்லையை (லென்ஸ்) கழற்றாமலேயே சாதாரணப் படங்களை ஓட்டியிருக்கிறார்கள். அந்த வில்லையில் உள்ள ஒளிமுனைவு வடிகட்டி, அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு, ஒளியின் கணிசமான பங்கைத் தடுத்துவிடும். இது புதிய குற்றமும் அல்ல. அமெரிக்காவின் ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழ் 2011-லேயே இதை விரிவாக எழுதியிருக்கிறது.

இதை உறுதி செய்துகொள்ள, அதே அரங்கில் ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது படத்திற்கு மீண்டும் சீட்டு எடுத்தேன். படம் தொடங்கியதும் பின்னால் திரும்பி புரொஜெக்டர் அறையின் கண்ணாடியைப் பார்த்தேன். ஒரே ஒளிக்கற்றை வரவேண்டிய இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கற்றைகள் வந்துகொண்டிருந்தன. இத்தகைய புரொஜெக்டரில் 3டி வில்லை கழற்றப்படவில்லை என்பதன் அடையாளம் அது. வெளியே சென்று மேலாளரிடம் சொன்னேன். “படமே அப்படித்தான் சார், இருட்டாக எடுத்திருக்கிறார்கள்” என்றார். அதே திரையில் காலையிலும் இரவிலும் 3டி படம் ஓடுகிறதே, இடையில் வில்லையை மாற்றுகிறீர்களா என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். படம் தொடங்கிவிட்டால் தர முடியாது என்றார். வாசலில் ‘4கே’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்பவர்கள், அந்தப் படத்தைத் திரைக்கு வந்துசேர விடாமல் தடுப்பது அப்பட்டமான ஏமாற்று என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, படம் பார்ப்பவர்கள் முதல் ஐந்து நிமிடங்களிலேயே ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சாதாரணப் படத்திற்கு மேலும் கீழுமாக இரண்டு கற்றைகள் தெரிந்தால் உடனே எழுந்து சென்று சொல்லுங்கள். எல்லா புரொஜெக்டர்களுக்கும் இந்த அடையாளம் பொருந்தாது; சிலவற்றில் ஒற்றை வில்லைக்கு முன்னால் வடிகட்டி மட்டும் நிற்கும். அப்போது திரையில் வரும் வெள்ளைத் துணியையும் எழுத்துகளையும் கவனியுங்கள். அவை சாம்பல் பூத்துத் தெரிந்தால் கேள்வி கேட்பதில் தவறில்லை. யாராவது கவனித்துச் சரிசெய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான இடங்களில் காட்சியைத் தொடங்குவதும் முடிப்பதும் கணினிதான். புரொஜெக்டர் அறையில் ஆள் இருப்பதே அரிது. வசனம் கேட்கவில்லை என்றாலும் இதேபோல் சொல்லலாம், ஏனெனில் ஒலியையும் நிர்ணயித்த அளவுக்குக் கீழே வைத்து ஓட்டும் அரங்குகள் பல.

இரண்டாவது படத்தை இன்னும் சரியான திரையில் பார்க்க வாய்க்கவில்லை. தனியாக வாழும் ஒரு முதியவரின் கதை அது. விளக்கு அணைந்த அறையில் அவர் நெடுநேரம் உட்கார்ந்திருக்கும் காட்சிகள் பல உண்டு. சலிப்பாக இருக்கிறது என்று முன்பு சொன்னேன். நான் அதை மீண்டும் பார்க்கும் வரை, என் பேச்சை நம்பி அந்தப் படத்தை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.