அறுபது வயதில் விடுதி வாழ்க்கை: மோட்களோடு ஒரு சிம்ஸ் 4 பல்கலைக்கழகம்

‘சிம்’ எனப்படும் கற்பனை மனிதர்களை உருவாக்கி அவர்களின் அன்றாட வாழ்க்கையை நாமே நடத்தும் கணினி விளையாட்டு சிம்ஸ் 4. அதற்கு வந்த விரிவாக்கங்களில், அதாவது கூடுதல் தொகுப்புகளில், என் மனதுக்கு மிக நெருக்கமானது ‘டிஸ்கவர் யுனிவர்சிட்டி’. 2019 நவம்பரில் வெளிவந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ விரிவாக்கங்கள் வந்துவிட்டன. பளபளப்பில் இதை மிஞ்சியவையும் உண்டு. ஆனாலும் நான் திரும்பத் திரும்பத் திறப்பது இதைத்தான். அதே சமயம், வெறும் விரிவாக்கத்தை மட்டும் வாங்கி விளையாடும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன். நாலைந்து நல்ல மோட்களை, அதாவது விளையாட்டை மாற்ற ரசிகர்கள் உருவாக்கித் தரும் கோப்புகளை, சேர்த்துக்கொள்ளுங்கள் என்பேன். மோட் சேர்த்தால் பழுதும் வரும், அதைக் கண்டுபிடிக்கவும் பழகிக்கொள்ளுங்கள் என்பதையும் கையோடு சொல்வேன்.

முதலில் விளையாட்டைப் பற்றி. சிம்ஸ் 4 அடிப்படை விளையாட்டு 2014இல் வந்தது. 2022 அக்டோபர் 18 முதல் இலவசம். பல்கலைக்கழக விரிவாக்கத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதோடு பிரைட்செஸ்டர் என்ற ஊர் வருகிறது. செங்கல் கட்டடங்களும் பழைய மரங்களுமாகக் கலைத்துறைகளில் பெயர் பெற்ற ஒரு பல்கலைக்கழகம். ஆற்றுக்கு மறுகரையில், கண்ணாடியும் இரும்புமாக அறிவியலில் பெயர் பெற்ற ஃபாக்ஸ்பரி. மொத்தம் 13 பட்டங்கள். இயற்பியல், பொருளாதாரம், சமையற்கலை, நாடகம் என்று நீளும் அந்தப் பட்டியலில் ‘வில்லத்தனம்’ என்ற ஒரு பட்டப்படிப்பும் இருக்கிறது.

இங்கே சேர வயது வரம்பு கிடையாது என்பதுதான் என்னை முதலில் இழுத்தது. பதின்வயதைத் தாண்டிய எந்த சிம்மும் விண்ணப்பிக்கலாம், முதியவர்களும் சேரலாம். நான் பட்டப்படிப்பைத் தபால் வழியில் முடித்தவள். பகலில் வேலை, இரவில் பாடப் புத்தகம், வருடத்துக்கு ஒருமுறை தேர்வு மையம். விடுதி அறையோ நூலகத்தில் நள்ளிரவு வரை உட்கார்ந்து படிப்பதோ எனக்கு வாய்க்கவில்லை. அதனால் என் மாணவியை நரைத்த தலையோடு உருவாக்கினேன். பெயர் பார்வதி. வரலாற்றுப் பட்டம். இருபது வயதுப் பிள்ளைகளோடு விடுதியில் ஒரே குளியலறையைப் பகிர்ந்துகொள்கிறாள். காலையில் வரிசையில் நிற்கிறாள். இந்த ஒரு காட்சிக்காகவே கொடுத்த பணம் தகும்.

படிப்பின் அழுத்தத்தை இந்த விளையாட்டு நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. பட்டம் பெற 12 மதிப்பெண் அலகுகள் வேண்டும், ஒரு பாடத்துக்கு ஓர் அலகு. ஒரு பருவத்துக்கு ஒன்று முதல் நான்கு பாடங்கள் வரை எடுக்கலாம். மூன்று மூன்றாக எடுத்தால் நான்கு பருவம். நான்கு நான்காக எடுத்தால் மூன்றே பருவம். ஒரு பருவம் என்பது விளையாட்டில் ஒரு வாரம். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் வீட்டுப்பாடம் உண்டு. சில பாடங்களில் பருவக் கட்டுரை கேட்பார்கள். அதை எழுதி, திருத்தி, ஒப்படைக்க வேண்டும். வேறு சிலவற்றில் பலகை தயாரித்துப் போய் எல்லோர் முன்னாலும் விளக்க வேண்டும். கடைசியில் தேர்வு. இதற்கு நடுவே அவளுக்குப் பசிக்கும், தூக்கம் வரும், பக்கத்து அறையில் பாட்டு அலறும். நான்கு பாடம் எடுத்த பருவத்தில் பார்வதி புதன்கிழமை இரவு கணினி முன்னாலேயே சோர்ந்து விழுந்துவிட்டாள். கட்டுரை பாதியில் நின்றது. மதிப்பெண் குறைந்தால் எச்சரிக்கை வரும், அதற்கும் கீழே போனால் தற்காலிகமாக வெளியே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயம் நிஜமாகவே நெஞ்சில் உட்காருகிறது.

குறை என்று பார்த்தால் ஒன்று பெரியது. வகுப்பறைக்குள் நம்மால் போக முடியாது. சிம் கட்டடத்தின் வாசல் வரை நடக்கிறாள், கதவுக்குள் மறைகிறாள், சில மணி நேரம் கழித்து வெளியே வருகிறாள். ஆசிரியர் முகத்தைப் பார்க்க வழியில்லை. இன்னொன்று, கூடப் படிப்பவர்கள். விடுதியில் அவர்கள் நடமாடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், கணினி முன் உட்காருகிறார்கள். ஆனால் அவர்களுக்கென்று ஒரு போக்கு இல்லை. ஒரு பருவம் முழுக்க ஒரே மேசையில் சாப்பிட்ட பிள்ளை அடுத்த பருவத்தில் பார்வதியைப் புது ஆளைப் போலப் பார்க்கிறது. மோட் தேவைப்படுவது இங்கேதான்.

என் கணினியில் முதலில் சேர்த்தது டெடர்பூல் என்ற புனைபெயரில் இயங்குபவர் உருவாக்கிய ‘எம்சி கமாண்ட் சென்டர்’. விளையாட்டில் இருக்கும் கணினி ஒன்றைச் சொடுக்கினால் பட்டியல் விரியும். ஊரில் யாருக்கு வேலை, யாருக்குக் கல்யாணம், ஒவ்வொரு வயதுக் கட்டமும் எத்தனை நாள் என்று நாமே வகுத்துக்கொள்ளலாம். முதிய மாணவியை வைத்து விளையாடுபவர்களுக்கு இந்தக் கடைசி வசதி உயிர்நாடி. முதுமையின் நாட்களை நீட்டாவிட்டால் பட்டம் வாங்கும் முன்பே அவள் கதை முடிந்துவிடலாம். இரண்டாவது, ட்விஸ்டட்மெக்ஸி உருவாக்கிய ‘பெட்டர் எக்செப்ஷன்ஸ்’. இது விளையாட்டில் எதையும் மாற்றாது. பிழை வந்தால் எந்த மோட் காரணமாக இருக்கலாம் என்று படிக்கிற மாதிரி எடுத்துச் சொல்லும். புதிதாக வருபவர்கள் வேறு எதைச் சேர்க்கும் முன்பும் இதைச் சேர்க்க வேண்டும்.

வீட்டுப்பாடத்தை ஒரே சொடுக்கில் முடித்துத் தரும் மோட்களும் கிடைக்கின்றன. அவற்றை நான் தொடுவதில்லை. படிப்பின் பளுதான் இந்த விரிவாக்கத்தின் முதுகெலும்பு. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சைக்கிளும் சீருடையும்தான்.

இனி பழுதுபார்ப்பு. மோட் கோப்புகள் இரண்டு வகை. ‘பேக்கேஜ்’ கோப்புகளில் உடை, பொருள், விதிகளின் மாற்றம் போன்றவை இருக்கும். ‘டிஎஸ்4ஸ்கிரிப்ட்’ கோப்புகளில் பைத்தான் மொழியில் எழுதிய நிரல் இருக்கும். இரண்டும் ‘மோட்ஸ்’ கோப்புறைக்குள் போக வேண்டும். பேக்கேஜ் கோப்பை ஐந்து அடுக்கு ஆழம் வரை உள்கோப்புறைகளில் வைக்கலாம். ஸ்கிரிப்ட் கோப்பை ஒரே ஒரு அடுக்குக்கு மேல் புதைத்தால் விளையாட்டு அதைப் பார்க்கவே பார்க்காது. ‘மோட் வேலை செய்யவில்லை’ என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ‘துறைவாரியாக’ அழகாக அடுக்கிவைக்கிற ஆசையில் ஸ்கிரிப்டை மூன்றாம் அடுக்கில் வைத்திருப்பார்கள்.

விளையாட்டுக்கு அப்டேட் வந்தால் மோட்கள் எல்லாம் தானாக அணைந்துவிடும். அமைப்புகளுக்குள் போய் மோட்களையும் ஸ்கிரிப்ட் மோட்களையும் தனித்தனியாக அனுமதித்து, விளையாட்டை மூடித் திறக்க வேண்டும். அனுமதிக்கும் முன் ஒவ்வொரு ஸ்கிரிப்ட் மோடுக்கும் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. 2018 நவம்பரில் விளையாட்டு பைத்தான் 3.7க்கு மாறியபோது பழைய ஸ்கிரிப்ட் மோட்கள் ஒட்டுமொத்தமாக நின்றுபோயின. அவ்வளவு பெரிய மாற்றம் அடிக்கடி வராது என்றாலும், சின்ன அப்டேட்டில்கூட ஒன்றிரண்டு மோட்கள் விழும். தானாக அப்டேட் ஆவதை அணைத்து வைத்திருக்கிறேன். பருவத் தேர்வு முடிந்த பிறகுதான் அனுமதிக்கிறேன்.

அப்படி ஒரு அப்டேட்டுக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். திங்கள் காலை எட்டு மணி. பார்வதிக்கு வகுப்பு. ‘வகுப்புக்குப் போ’ என்ற கட்டளை திரையின் கீழே தோன்றியது, அடுத்த நொடி மறைந்தது. அவள் கட்டிலிலிருந்து எழுந்தாள், நின்றாள், அப்படியே நின்றுகொண்டிருந்தாள். மறுபடி கட்டளை கொடுத்தேன்; மறுபடி மறைந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற பிள்ளைகள் எல்லோரும் தாழ்வாரத்தில் அங்கங்கே மரம்போல நின்றுவிட்டார்கள். கட்டளை வந்து மறைவதும், சிம் நின்ற இடத்தில் சட்டென்று நிமிர்வதும் ஸ்கிரிப்ட் பிழைக்கு அசலான அடையாளம். விளையாட்டை நிறுத்திவிட்டு, ‘தி சிம்ஸ் 4’ கோப்புறையில் ‘லாஸ்ட் எக்செப்ஷன்’ என்று தொடங்கும் கோப்பைத் திறந்தேன்.

அந்தக் கோப்பைப் பார்த்துப் பலர் மிரள்கிறார்கள். எல்லாம் ஒரே வரியாக, நடுநடுவே எண்களும் குறிகளுமாக ஓடும். அதில் படிக்க வேண்டியது கொஞ்சம்தான். எந்தக் கோப்பில் எந்த வரியில் விளையாட்டு இருந்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். விளையாட்டின் சொந்தக் கோப்புகள் எல்லாம் நம் கணினியில் இல்லாத ஒரு டிரைவின் பெயரோடு, ‘இன்கேம், கேம்ப்ளே, ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற பாதையில் காட்டப்படும். அது தயாரித்தவர்களின் கணினியில் இருந்த பாதை. அதைக் கண்டு பதற வேண்டாம். அந்த வரிசைக்கு நடுவே வேறு மாதிரியான பாதை ஒன்று, வேறு ஒரு பெயரோடு தலைகாட்டினால் அதுதான் மோட். எனக்கு நடுவில் அப்படி ஒரே ஒரு வரி இருந்தது. விடுதித் தோழர்களை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ள உதவும் ஒரு சின்ன மோட். உருவாக்கியவர் கைவிட்டு நாளாகிவிட்டது. கோப்பின் கடைசியில் காரணம் இருந்தது: மூன்று தகவல்களை எதிர்பார்த்த இடத்தில் நான்கு வந்திருக்கிறது. அப்டேட்டில் விளையாட்டு தன் நிரலில் ஒரு தகவலைக் கூட்டியிருக்கிறது, பழைய மோடுக்கு அது தெரியவில்லை. அந்த ஒரு மோடை வெளியே எடுத்தேன். ‘லோக்கல்தம்ப்கேஷ்’ கோப்பை அழித்தேன். பழைய மோட்களின் மிச்சம் அதில் தங்கியிருக்கும். அழித்தாலும் விளையாட்டு அடுத்த முறை புதிதாக உருவாக்கிக்கொள்ளும். பார்வதி எட்டரைக்கு வகுப்புக்குக் கிளம்பினாள்.

பிழைக் கோப்பே வராத பழுதுகளும் உண்டு. செல்பேசித் திரை வெறுமையாகத் திறக்கும், பொருள்களின் மேல் கேள்விக்குறி நிற்கும். அப்போது பாதிபாதியாகப் பிரிக்கும் வழி ஒன்றுதான் கைகொடுக்கும். மோட்களில் பாதியை வெளியே எடுத்து விளையாடிப் பார்க்க வேண்டும். பழுது போய்விட்டால் குற்றவாளி வெளியே எடுத்த பாதியில். போகவில்லை என்றால் உள்ளே இருக்கும் பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்க வேண்டும். நூறு மோட் இருந்தாலும் ஏழு முறைக்குள் ஒன்றில் வந்து நிற்கும். முன்னதாக விளையாட்டின் சேமிப்புக் கோப்புறையைப் பிரதி எடுத்துவைப்பது கட்டாயம். மோட்கள் இல்லாமல் திறந்து சேமித்துவிட்டால், அந்த மோட் தந்த பொருள்கள் வீட்டிலிருந்து காணாமல் போய்விடும். விளையாட்டும் தன் பங்குக்கு ஒவ்வொரு சேமிப்புக்கும் ‘வெர் 0’ முதல் ‘வெர் 4’ வரை பழைய பிரதிகளை வைத்திருக்கிறது. பெயரின் வாலில் இருக்கும் அந்தப் பகுதியை நீக்கினால் பழைய நிலை திரும்பக் கிடைக்கும். இது தெரியாமல் மாதக்கணக்கில் வளர்த்த குடும்பத்தை இழந்தவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்கிரிப்ட் மோட் என்பது நம் கணினியில் ஓடும் நிரல். 2024இல் சில தளங்களில் தீய நிரலை மறைத்துவைத்த மோட்கள் பதிவேற்றப்பட்டன; உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடுவது அவற்றின் நோக்கம். அதன்பின் ட்விஸ்டட்மெக்ஸி ‘மோட்கார்ட்’ என்ற காவல் மோடை வெளியிட்டார். விண்டோஸில் விளையாடுபவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மோடை உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். உடையும் தலைமுடியும் தரும் மோட் ஒன்று ஸ்கிரிப்ட் கோப்போடு வந்தால் அதை உடனே அழித்துவிடுங்கள். உடைக்கு நிரல் எதற்கு?

விலையைப் பொறுத்தவரை, முழு விலைக்கு இதை வாங்க வேண்டாம். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் அடிக்கடி பாதி விலைக்கு இறங்கும். அடிப்படை விளையாட்டை இலவசமாக இறக்கி, உங்கள் கணினி அதைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டு, எம்சி கமாண்ட் சென்டரையும் பெட்டர் எக்செப்ஷன்ஸையும் போட்டுப் பழகுங்கள். விரிவாக்கத்தை அதன் பிறகு வாங்கலாம். முதல் பருவத்தில் இரண்டு பாடம் போதும். விடுதியில் அமைதியான அறை வேண்டுமென்றால், ஒலிபெருக்கியைப் பொது அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பார்வதிக்கு இன்னும் ஒரு பருவம் பாக்கி இருக்கிறது. மூன்று பாடங்கள், அதில் ஒன்றுக்குப் பருவக் கட்டுரை. இந்த முறை திங்கள் இரவே எழுதத் தொடங்கச் சொல்லிவிட்டேன்.