நுண்துகள் செய்ய சூடா, ஒளியா?

பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்து உருவாகும் பொருள். அதன் நுண்துகள்களைச் செய்யப் பழகிய வழி சூடுதான். மோனோமர் எனும் அந்தச் சிறு மூலக்கூறையும், வினையைத் தொடக்கிவைக்கும் ஏஐபிஎன் (AIBN) போன்ற தொடக்கியையும் கரைப்பானில் கலந்து, 60–70 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் வைப்பார்கள். பெரிய கலனிலும் சரியாக வரும், அனுபவமும் நிறைய உண்டு. ஆனால் அத்தனை நேரமும் மின்சாரம் ஓடும். போதாததற்கு ஏஐபிஎன் சிதையும்போது நச்சுத்தன்மையுள்ள துணைப்பொருளும் உருவாகும்.

ஒளிவழியில் சூட்டுக்குப் பதில் விளக்கொளி வினையைத் தொடக்கிவைக்கும், அறை வெப்பநிலையே போதும். விளக்கை அணைத்தால் புதிய சங்கிலிகள் தொடங்குவதும் நின்றுவிடும். இந்தக் கட்டுப்பாடு சூட்டில் கிடைக்காது, கலன் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். என்சைம் போன்ற சூடு தாங்காதவற்றைத் துகளுக்குள் அடைக்கவும் இதுவே தோது. ஆனால் விளக்கைப் பாருங்கள்: பாதரசப் புற ஊதா விளக்கு என்றால் சூழலுக்கு நல்லது என்ற பசுமைப் பேச்சு பாதி அடிபட்டுப்போகும். நீல எல்இடி நல்லது.

பெரிய தலைவலி வேறு. துகள்கள் உருவாக உருவாகக் கலவை பால்போல வெளுத்து ஒளியைச் சிதறடிக்கும். ஆழத்துக்கு வெளிச்சம் போகாது. அதனால் மெல்லிய குழாயில் கலவையை ஓடவிட்டு ஒளி பாய்ச்சுகிறார்கள். அப்புறம், சூடு, ஒளி இரண்டு வழியிலும் கரைப்பான் அசிட்டோநைட்ரைல் என்ற கரிமத் திரவமாகவே இருந்தால் ஒளிக்கு மாறியும் கழிவு குறையாது. எத்தனால்-நீர் கலவை ஒத்துவருகிறதா என்பதை முதலில் பார்ப்பேன், விளக்கு அதற்குப் பிறகுதான்.