பங்கு இதழா, ஞானஸ்நானப் பதிவேடா?

வடக்கன்குளம், காமநாயக்கன்பட்டி மாதிரி நெல்லைச் சீமையின் பழைய கத்தோலிக்க ஊர்களின் கதையைத் தேடுகிறவருக்கு இரண்டு வழி. வம்சாவளிக்கு ஞானஸ்நானப் பதிவேடுதான் சாட்சி: பெயர், தேதி, பெற்றோர், ஞானப்பெற்றோர், பெரும்பாலும் லத்தீனில். ஆனால் அது கோயில் சொத்து. கோயிலில்தான் இருக்க வேண்டும்.

சேகரிக்க என்றால் நூறாண்டுப் பழைய பங்கு இதழ்தான், அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்க மக்களுக்கான பத்திரிகை. சப்பரம் போன தெரு, கோயில் மணிக்கு நன்கொடை தந்தவர்கள், காலரா வந்த வருஷம் என்று ஊரே அதில் பேசும். அட்டையோடு கிடைத்தால் விடாதீர்கள். பைண்டு செய்யும்போது விளம்பரத் தாளைக் கிழித்துவிடுவார்கள்; அந்தக் கால விலைவாசி அதில்தான் இருக்கும். அப்புறம், தூத்துக்குடி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பங்குகளின் தொகுதி) திருச்சியிலிருந்து பிரிந்து பிறந்தது 1923இல். அதற்கு முந்தைய நம்மூர்ச் செய்திகளைத் திருச்சி மறைமாவட்ட வெளியீடுகளிலும் தேடுங்கள்.