பெரிய கேரவனா, சிறிய கேம்பர் வேனா: தொண்டிக் கடலிலிருந்து மூணாறு வரை

இந்த மாசியில் நானும் என் கணவரான எங்கள் வீட்டுச் செட்டியாரும் காரைக்குடியிலிருந்து புறப்பட்டு, தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக் கடலைப் பார்த்து, கரையோரமாகவே தேவிபட்டினம், இராமேசுவரம், தனுஷ்கோடி என்று போனோம். பிறகு மதுரை, தேனி, போடி வழியாக மூணாறு ஏறி, மறையூர், உடுமலைப்பேட்டை, பழனி என்று சுற்றி வீடு திரும்பினோம். தொண்டியிலிருந்து மதுரை, போடி, மூணாறு வழியாகக் கொச்சிக்குச் செல்லும் 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் செட்டிநாட்டுச் சீமைக்குத் தெற்கே ஓடுவதால், கடலையும் மலையையும் ஒரே பயணத்தில் சேர்ப்பது நமக்குப் பெரிய காரியமில்லை. எட்டு இரவுகளில் ஆறு இரவு வண்டியிலேயே உறங்கினோம். எந்த வண்டியை வாடகைக்கு எடுப்பது என்பதில்தான் வீட்டில் ஒரு மாதம் பேச்சு நடந்தது.

ஒன்று, கழிப்பறையும் குளியலறையும் உள்ள பெரிய கேரவன். வேன் அடிச்சட்டத்தின் மேல் கட்டியது, ஓட்டுநரோடு வரும். மற்றது, பின்புறம் ஒரு கட்டிலும், பின்கதவைத் திறந்தால் ஓர் அடுப்பும், 40 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் உள்ள சிறிய வேன். கழிப்பறை கிடையாது, நாமே ஓட்ட வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகன் குடும்பத்தோடு பெரிய கேரவனில் கொடைக்கானல் போய் இரண்டே இரவுகள் தங்கியதுதான் அதைப் பற்றி எனக்குள்ள அனுபவம் முழுவதும். ஆகவே அந்தப் பக்கத்துக்கு நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த முறை நாங்கள் எடுத்தது சிறியது. என் சாய்வும் அதன் பக்கமே.

எல்லோருக்கும் தெரிந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெரியதில் நிமிர்ந்து நிற்கலாம், ஆறு பேர் போகலாம், குளிர்பெட்டி உண்டு, குளிர்சாதனம் உண்டு. வாடகை எங்களுக்குக் கேட்கப்பட்ட அளவில் சிறியதைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஓட்டுநரின் படியும் உறங்கும் இடமும் தனி. சிறியதில் குனிந்துதான் நடமாட வேண்டும். நாமே ஓட்டும் வாடகை வண்டியின் எண்பலகை கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை வண்டியை யாராவது மலிவாக வாடகைக்குத் தருகிறேன் என்றால் எடுக்க வேண்டாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வாடகையோ இடவசதியோ அல்ல, கழிப்பறை. ஐம்பதைத் தாண்டிய பெண்ணாகிய நானே கழிப்பறை இல்லாத வண்டியைக் கேட்டேன் என்றதும் உறவில் பலர் வியந்தார்கள். கொடைக்கானல் பயணத்தில் நான் கற்றது இதுதான்: வண்டிக்குள் கழிப்பறை இருந்தால், அதற்குள் போவதெல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். இருக்கைக்கு அடியில் ஒரு கழிவுத் தொட்டி. ஆறு பேர் பயன்படுத்தியதில் மறுநாள் மாலைக்குள் அது நிரம்பிவிட்டது. அதை எங்கே காலி செய்வது என்று ஓட்டுநர் எங்களைக் கேட்டார். நாங்கள் அவரைக் கேட்டோம். வழியில் இருந்த ஒரு தங்கும் விடுதியின் மேலாளர், அறை எடுத்தால்தான் தங்கள் மலக்குழியில் கொட்ட விடுவேன் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அறை எடுத்தோம். அறை எடுத்த பிறகு அதன் கழிப்பறை இருக்கும்போது வண்டியின் கழிப்பறை எதற்கு? அதற்கு முன்பே, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அந்தத் தொட்டி தளும்பி எழுப்பிய வாடையில், பெண்கள் நாங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே அதைப் பயன்படுத்துவதை நிறுத்தியிருந்தோம். ஆக, பூட்டிய ஓர் அறையைக் கூடுதல் வாடகை கொடுத்து மலைமேல் ஏற்றி இறக்கினோம். மேலும், கழிப்பறை இருக்கிறதே என்ற நம்பிக்கையில் இரவில் எங்கே நிற்பது என்பதை யாரும் யோசித்திருக்கவில்லை. முதல் இரவு ஒரு பெட்ரோல் பங்கின் ஓரத்தில், லாரிகளின் விளக்கு வெளிச்சத்தில் கழிந்தது.

சிறிய வண்டி அந்த நம்பிக்கையைத் தருவதில்லை. கழிப்பறை இல்லை என்பது தெரிந்தே புறப்படுவதால், கட்டுச்சோற்றோடு மாட்டு வண்டியில் போன நம் முன்னோர் சத்திரம் பார்த்து வழி வகுத்தது போல, எட்டு இரவுக்கும் இடத்தை வீட்டிலேயே முடிவு செய்தோம். தேவிபட்டினத்தில் உறவினர் வீட்டு வளாகம். இராமேசுவரத்தில் இரண்டு இரவும் சத்திரத்து அறை. போடிக்குக் கீழே தெரிந்தவர் ஒருவரின் தோப்பு. அங்கே மோட்டார் தண்ணீரில் குளித்ததை இன்னமும் மறக்க முடியவில்லை. சின்னக்கானலில் இரண்டு இரவும் மறையூரில் ஓர் இரவும் வீட்டுத் தங்கல் (ஹோம்ஸ்டே) நடத்துபவர்களின் முற்றம். பழனியில் ஒரு மண்டபத்தின் மதிலுக்குள். மலையில் முற்றத்துக்கும் குளியலறைக்கும் வெந்நீருக்கும் சேர்த்துக் கேட்டது, அதே வீட்டின் அறை வாடகையில் பாதிக்கும் குறைவு. இவற்றில் பாதி இடங்களின் வாசலுக்குள் பெரிய கேரவன் நுழையவே நுழையாது. போடிமெட்டு ஏற்றத்தின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் சிறிய வண்டி ஒரே திருப்பத்தில் கடந்தது. அதற்கு மேல் மூணாறு வரை சாலை இப்போது அகலமாகிவிட்டதால், அங்கே பெரிய வண்டிக்கும் சிரமம் இராது.

நிறுத்தும் இடம் சமதளமாக இருப்பதும் முக்கியம். பாதி நிரப்பிய தண்ணீர்ப் புட்டியைக் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தால் சரிவு தெரிந்துவிடும். சரிவு தவிர்க்க முடியாவிட்டால் தலைமாடு மேட்டுப் பக்கம் வருமாறு வண்டியைத் திருப்பிக்கொண்டு, சக்கரத்துக்கு முட்டுக் கல் வைத்துவிடுவோம். முகப்பும் வளவும் பட்டாலையும் உள்ள பெரிய செட்டிநாட்டு வீட்டில் புழங்கியவர்களுக்கு ஆறடிக் கட்டில் ஒரு தண்டனைதான் என்று நினைத்திருந்தேன். மூணாற்றுக் குளிரில் அந்தச் சிறிய இடம்தான் கதகதப்பாக இருந்தது.

கடற்கரையில் மட்டும் பெரிய வண்டி வெல்கிறது. இதை மறைக்க விரும்பவில்லை. மாசியிலேயே தேவிபட்டினத்தில் இரவு புழுக்கம் தாங்கவில்லை. சன்னலுக்குக் கொசுவலை கட்டி, சிறு மின்விசிறி வைத்தும் விடியற்காலையில்தான் கண் அயர்ந்தோம். இராமேசுவரத்தில் முன்கூட்டியே அறைக்கு ஏற்பாடு செய்ததற்கும் புழுக்கத்தைப் பற்றிய பயமே காரணம். ஆனால் கேரவனின் குளிர்சாதனமும் வெளி மின்சாரமோ, ஜெனரேட்டரோ, ஓடும் என்ஜினோ இருந்தால்தான் இயங்கும். கடலோரத்தில் படுத்து அலையோசை கேட்கும் ஆசை இருந்தால், தனுஷ்கோடியில் அது எந்த வண்டிக்கும் நடவாது. மாலையானதும் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரின் இடிந்த தேவாலயத்தையும் அரிச்சல்முனையையும் பகலில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். திரும்பியவுடன் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். உப்பு வாடகை வண்டிக்கும் நம் வண்டிக்கும் வேற்றுமை பார்ப்பதில்லை.

மழையில் சிறிய வண்டி எப்படி இருக்கும் என்பதில் எங்களுக்கு அனுபவம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கரையோரத்திலும், ஆனி, ஆடியில் மூணாற்றிலும் மழை கொட்டும் நாட்களில் பின்கதவைத் திறந்து வைத்துச் சமைப்பது கடினம் என்றே தோன்றுகிறது. அந்தக் காலத்தில் போகிறவர்கள் உள்ளே சமைக்கக்கூடிய பெரிய வண்டியைப் பற்றி யோசிக்கலாம். நாங்கள் போன மாசியிலும் ஒரு குறை உண்டு. வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடியிருந்தார்கள்.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் ஒன்று போதுமானதாக இருந்தது. ஓடும்போது ரெகுலேட்டரை மூடிவிடுவோம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வற்றல், ஒரு டின் தேன்குழல் ஆகியவை வீட்டிலிருந்து வந்தன. தொண்டியில் வாங்கிய நண்டு, அன்று மதியமே மிளகுச் சாறு ஆனது. மூணாறு 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் சோறு வேக நேரமாகும். குக்கரை எடுத்துப் போனது நல்லதாயிற்று.

செட்டியாருக்கு மட்டும் இன்னும் மனம் ஆறவில்லை. நள்ளிரவில் டார்ச் விளக்கோடு முற்றத்தைக் கடந்து போக வேண்டியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. "அடுத்த தடவை கக்கூசு உள்ள வண்டியாப் பாருங்க ஆச்சி" என்கிறார். தொட்டியைக் காலி செய்யும் வேலை அவருடையது என்று எழுதிக் கொடுத்தால் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.