கரியைப் பார்ப்பதா, கறளைப் பார்ப்பதா? கருமருந்தும் புகையில்லா மருந்தும்

கைத்துப்பாக்கி ரவைகளைத் தாங்களே நிரப்பிச் சுடுகிறவர்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறையப் பேர். கனடாவில் இருக்கும் என் மச்சானும் அப்படித்தான். தொலைபேசியில் பேசினால் புகையைப் பற்றி ஒரு முறைப்பாடு, கோதில் ஒட்டும் கரியைப் பற்றி இன்னொன்று. "எந்த வெடிமருந்து சுத்தமாக எரியும்?" என்றுதான் கேட்பார். திருகோணமலையில் இருந்துகொண்டு யோசிக்கிற எனக்கு அது பாதிக் கேள்வியாகவே படுகிறது. கறுப்பாகத் தெரியும் அழுக்கு வேறு, இரும்பைத் தின்னும் அழுக்கு வேறு. உப்புக்காற்றில் சைக்கிள் வைத்திருக்கும் எவருக்கும் இது தெரியும்.

முதலில் பழைய கருமருந்து. வெடியுப்பு 75 பங்கு, மரக்கரி 15, கந்தகம் 10 என்பது அதன் வழமையான கலவை. எரிந்தபின் எடையில் பாதிக்கும் குறைவான பங்குதான் வாயுவாகிறது. மீதி பொட்டாசியம் காபனேற்று, சல்பேற்று, சல்பைட்டு என்று திண்மமாகவே நிற்கிறது. வெளியே பறப்பது வெள்ளைப் புகை, குழலில் ஒட்டுவது பிசுக்கு. 1782 செப்ரெம்பர் 3 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் எங்கள் கடலில் மோதியபோது இரு பக்கமும் சுட்டது இந்த மருந்தால்தான். அந்தக் காலக் கப்பற் போர்களில் சில சுற்றுகள் சுட்டதுமே கொடிச் சைகை புகைக்குள் மறைந்துவிடும். தலைவன் என்ன சொல்கிறான் என்று பின்னால் வரும் கப்பலுக்குத் தெரியாது.

கருமருந்தின் பிசுக்கு காலநிலைக்கு ஏற்ப மாறும். கச்சான் காற்று வீசுகிற வறண்ட மாதங்களைப் போன்ற காலநிலையில் அது காய்ந்து ஓடாகி, அடுத்த குண்டை உள்ளே தள்ளவே விடாது. அதனால்தான் கருமருந்துத் துவக்குக்காரர்கள் சுடும் இடைவெளியில் குழலுக்குள் மூச்சை ஊதி ஈரப்படுத்துகிறார்கள். வாடைக்காற்றும் மழையும் வந்துவிட்டால் பிசுக்கு இளகும், துடைப்பது சுலபம். ஆனால் அப்போதுதான் உண்மையான சேதம் நடக்கும். பொட்டாசியம் காபனேற்று காற்றின் ஈரத்தை இழுத்துக் குடிக்கிற உப்பு. கழுவாமல் ஓரிரவு விட்டாலே எங்கள் ஊர்க் காற்றுக்குக் குழல் கறள் பிடிக்கத் தொடங்கும். இதற்குப் பரிகாரம் வெந்நீர். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய்.

புகையில்லா மருந்து 1884 இல் பிரான்சில் போல் வியேல் கண்டுபிடித்தது. அடிப்படை நைத்திரோசெலுலோசு. எரிந்தால் காபனீரொட்சைட்டு, காபனோரொட்சைட்டு, நைதரசன், நீராவி என்று ஏறக்குறைய முழுதும் வாயு. 1889 இல் ஆங்கிலேயர் கோடைற்று என்ற புகையில்லா மருந்தைச் செய்தார்கள். அதில் நைத்திரோகிளிசரின் 58 பங்கு இருந்ததால் அதன் சூடு குழலையே அரித்தது. பிறகு 1901 இல் 30 பங்காகக் குறைத்தார்கள். ஆக, புகையும் உப்பும் போன இடத்தில் வெப்பம் வந்து உட்கார்ந்தது.

சரி, கைத்துப்பாக்கிக்கு வருவோம். 1898 இல் வந்த புல்ஸ் ஐ, அதையொட்டி வந்த யுனிக் என்ற இரண்டு புகையில்லா மருந்துகளும் இன்றும் விற்கப்படுகின்றன. யுனிக்குக்கு 'அழுக்கு மருந்து' என்ற பெயர் உண்டு. பின்லாந்தின் 'என் 320' என்ற மருந்துக்குச் சுத்தமானது என்ற பெயர். இந்தப் பெயர்களை நான் பாதிதான் ஏற்பேன். எந்தப் புகையில்லா மருந்தும் அதற்குரிய அழுத்தம் கிடைத்தால்தான் முழுதாக எரியும். மென்மையாகச் சுடவேண்டும் என்று நிரப்பிய ரவையில் அழுத்தம் குறைவு. பித்தளைக் கோது விரிந்து, துப்பாக்கியில் ரவை இருக்கும் அறையின் சுவரை அடைக்காது, வாயு பின்னுக்கு வழிந்து கோதின் வெளிப்பக்கத்தைக் கறுப்பாக்கும், எரியாத துகளும் மிஞ்சும். இதே யுனிக் உரிய அழுத்தத்தில் போதிய சுத்தமாகவே எரியும். அதற்காகக் கையளவில் மருந்தைக் கூட்டிப் பார்ப்பது உயிருக்கு ஆபத்து. தயாரிப்பாளரின் அட்டவணைக்கு வெளியே போகவே கூடாது. அதற்குள் சரிவராவிட்டால் மருந்தைத்தான் மாற்ற வேண்டும்.

புகைக்காக மருந்தின் மேல் விழும் பழியில் பெரும் பங்கு அதற்கு உரியதே இல்லை. வெறும் ஈயக் குண்டின் பள்ளத்தில் பூசும் மெழுகும் கிறீசும் எரிந்துதான் அந்த நீலப் புகை கிளம்புகிறது. டைட்குரூப் போன்ற சூடான மருந்தோடு அது இன்னும் மோசம். அதே மருந்தோடு செப்பு உறையிட்ட குண்டையோ, பொலிமர் பூச்சிட்ட குண்டையோ போட்டால் புகை வெகுவாகக் குறையும். உறையிட்ட குண்டிலும் அடிப்பகுதியில் ஈயம் திறந்திருந்தால் ஆவியாகும் ஈயம் கொஞ்சம் வெளிவரத்தான் செய்யும். ரவையின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரிலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. மூடிய அரங்கில் சுடுகிறவருக்கு என்னுடைய உண்மையான கவலை இதுதான். கரி கையைக் கறுப்பாக்கும், ஈயம் இரத்தத்துக்குள் போகும். மச்சானுக்கு நான் சொன்னது: மருந்து டப்பாவை மாற்றுவதற்கு முன் குண்டை மாற்றுங்கள், சுட்டுவிட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

பிரைமர் விடயத்தில் பழையதற்கும் புதியதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஆங்கிலேய .303 ரைபிள் ரவையில் மருந்து புகையில்லாததுதான், ஆனால் பிரைமரில் பொட்டாசியம் குளோரேற்று. எரிந்ததும் அது பொட்டாசியம் குளோரைட்டாகிக் குழலில் படியும். கறிக்குப் போடும் உப்பின் கூடப்பிறந்தது அது. குழல் கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும், உள்ளே கறள் ஓடிக்கொண்டிருக்கும். படையினர் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றிக் கழுவியது இதற்காகத்தான். இன்றைய பிரைமர்களில் பெரும்பாலானவற்றில் அந்த உப்பு இல்லை. எனவே இன்றைய புகையில்லா ரவையின் கரி எவ்வளவு கறுப்பாக இருந்தாலும், கடற்கரை ஊரில் அது கருமருந்தைவிட இரும்புக்குப் பல மடங்கு நல்லது. என் தெரிவு எப்போதும் அதுதான். ஒரு நாள் துடைக்கப் பிந்தினாலும் குழல் கெட்டுப்போகாது.

இங்கே வீட்டில் ரவை நிரப்பும் பேச்சுக்கே இடமில்லை. அனுமதிப்பத்திரமே ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. ஆனால் வயற்பக்கக் கிராமங்களில் வாய்வழியே கருமருந்து இடித்து நிரப்பும் பழைய இடியன் துவக்கைப் பார்த்தவர்கள் இதை வாசிக்கக்கூடும் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். புகையில்லா மருந்து சுத்தமானது என்பதற்காக அதைக் கருமருந்துத் துவக்கில் போட முடியாது. ஒரே அளவு மருந்தில் அது எழுப்பும் அழுத்தத்தை அந்தக் குழல் தாங்காது, சுடுகிறவரின் கையிலேயே வெடிக்கும். இடியனுக்குக் கருமருந்தும் வெந்நீரும்தான்.